ஜெப அறையில் காபி வாசம்

நம்கோக், 15 ஜூலை 2023

சோதாம் கண்ணு,

இந்தக் கடிதம் கிம்ச்சி டப்பாவின் மூடிக்கு மேல், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். அப்படியும் சாறு இறங்கியிருந்தால் உன் அம்மாவைக் கேள். புத்தாண்டன்று நீ கோபித்துக்கொண்டு பேருந்து ஏறிய பிறகு நாம் மூன்று முறை போனில் பேசினோம். மூன்று முறையும் நான் கத்தினேன், நீ வைத்துவிட்டாய். போன வாரம் அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "இனிமே ரெண்டு பேரும் எழுதுங்க. எழுதும்போது கத்த முடியாது. கிம்ச்சியோட நான் அனுப்புறேன், காலி டப்பாவோட அவ பதில் அனுப்பட்டும்" என்றாள். ஒன்பதாம் வகுப்போடு பேனாவை வைத்தவன் நான். பாய்லர் ரிப்பேர் ரசீதைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை. ஆகவே 'பழைய பம்ப் கழற்றியது, புதியது மாட்டியது' என்கிற மாதிரி எழுதினால் சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சபைக்கு நகராட்சியிலிருந்து சொத்து வரி நோட்டீஸ் வந்திருக்கிறது. சபைக்கு! முப்பத்தோரு வருடமாக நம்கோக் வடக்குச் சபை ஒரு காசு வரி கட்டியதில்லை. அந்தக் கட்டடத்தின் மேல்தளத்தில் ஆராதனை, நடுத்தளத்தில் சாப்பாட்டுக்கூடம், தரைத்தளத்தில் நம் 'கானாவூர் காபி'. நோட்டீஸ் தரைத்தளத்துக்கு மட்டும். காபி விற்பதால் அது வழிபாட்டு இடம் இல்லையாம். கடை திறந்த இரண்டு வருடத்துக்கும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

அந்தக் கடை என் யோசனை என்பது உனக்குத் தெரியும். கோடையில் எவன் தரையைச் சூடாக்குவான், எவன் வீட்டில் பாய்லர் கெட்டுப்போகும்? வேலையில்லாத கைக்கு வேலை வேண்டும் என்று நான்தான் மெஷினைப் பிடித்து நிற்கிறேன். அதுவும் ஒரு வகைப் பாய்லர்தானே. என் காபியைக் குடித்தவர்கள் கண்ணை மூடுகிறார்கள். அது ருசியாலா, ஜெபத்தாலா என்று நான் கேட்பதில்லை.

நீ தேஜோன் நகராட்சியின் இதே வரிப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறாய். எந்தக் கதவைத் தட்டினால் இந்த நோட்டீஸ் திரும்பிப் போகும் என்று மட்டும் சொல். புத்தாண்டு விஷயத்தை நான் மறந்துவிட்டேன். நீயும் மறந்துவிடு.

அப்பா

(போதகர் பாங் உன்னை விசாரித்தார். உண்மையாகவே.)


தேஜோன், 23 ஜூலை 2023

அப்பாவுக்கு,

கிம்ச்சி நன்றாக இருந்தது. கடிதத்தின் நாலாவது வரியில் முள்ளங்கிச் சாறு. அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

தட்டுவதற்குக் கதவு எதுவும் இல்லை அப்பா. நான் தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிற பதிலைத்தான் உங்களுக்கும் சொல்லவேண்டியிருக்கிறது. ஆராதனை நடக்கும் இடத்துக்கு வரி இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. காபி விற்கும் இடத்துக்கு உண்டு. மெஷினைப் பிடித்திருப்பவர் மூப்பரா, யார் என்று சட்டம் பார்ப்பதில்லை.

நீங்கள் புத்தாண்டை மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் போதகர் என்னைப் பார்த்து, "நம்ம சோதாம் இப்பல்லாம் சபைங்க மேலயும் வரி போடுறாங்களாமே, அப்புறம் பரலோகத்துக்கும் நோட்டீஸ் அனுப்புவாங்க போல" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தீர்கள். நான் என்ன சொன்னேன்? "சபையில தீப்பிடிச்சா தீயணைப்பு வண்டி வருது, வாசல்ல ரோடு போடுறாங்க, குப்பை அள்ளுறாங்க. அதுக்குக் காசு யார் தர்றாங்க?" அவ்வளவுதான். போதகர் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். உடனே நீங்கள், "சாப்பிட்டுட்டு உன் ஆபீசுக்கே போ" என்றீர்கள். நான் போனேன். சாப்பிடாமல் போனேன்.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், மேல்தளமும் கட்டவேண்டும் என்பேன். எல்லோரும் கட்டும்போது ஒருவர் கட்டாவிட்டால் அவர் பங்கு பக்கத்து வீட்டுக்குப் போகிறது. உங்கள் சபைக்குப் பக்கத்து வீடு யார்? பியோம்மா. ஒற்றை ஆளாகக் காபிக் கடை நடத்துகிறார். அவர் கோப்பை நாலாயிரம் வோன். உங்களுடையது ஆயிரத்து ஐந்நூறு. வாடகை இல்லை, சம்பளம் இல்லை, வரியும் இல்லை என்றால் யாரால்தான் ஆயிரத்து ஐந்நூறுக்குத் தரமுடியாது? நீங்கள் கடை திறந்த பிறகு அவரிடம் வேலைக்கிருந்த பெண்ணை நிறுத்திவிட்டார் என்று அம்மா சொன்னாள். அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

கடிதத்தை எப்படி முடிப்பதென்று தெரியவில்லை. அலுவலகக் கடிதமென்றால் 'மேற்கண்டவாறு தெரிவித்துக்கொள்கிறோம்' என்று முடிப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் ஏணி ஏறாதீர்கள்.

சோதாம்


நம்கோக், 31 ஜூலை 2023

சோதாம்,

கதவில்லையா? சரி. அப்படியானால் நான் சுவரோடு பேசுகிறேன், நீ கேட்டுக்கொள்.

2020 வெள்ளத்தில் ஆற்றோரத்துக் குடும்பங்கள் பதினோரு நாள் எங்கே படுத்தன? நம் ஆராதனைக்கூடத்தில். நகராட்சி என்ன செய்தது? நாலாவது நாள் வந்து பேனர் பிடித்துப் போட்டோ எடுத்தது. பேனரில் எழுத்துப்பிழை வேறு. தனியாக இருக்கிற முதியவர்கள் ஐம்பது பேருக்குப் புதன்தோறும் நடுத்தளத்தில் நூடுல்ஸ் யார் போடுகிறார்கள்? இப்போது வெயிலுக்குச் சோயாப்பால் ஊற்றிக் குளிர்ந்த நூடுல்ஸ். அந்தச் செலவு எங்கிருந்து வருகிறது? என் ஆயிரத்து ஐந்நூறு வோன் காபியிலிருந்து. உன் பியோம்மா சபைப்பக்கமே வராதவள். அவள் புருஷன் செத்தபோது மூன்று நாள் துக்க வீட்டில் மாட்டிறைச்சிச் சூப் காய்ச்சி ஊற்றியது யார்? உன் அம்மாவும் அவள் கூட்டமும். சவப்பெட்டியின் இடது முன்பக்கம் என் தோள். இதெல்லாம் வரி இல்லையா? நாங்கள் காசாகக் கட்டவில்லை, முதுகெலும்பால் கட்டுகிறோம். இதற்கு உன் கம்ப்யூட்டரில் கட்டம் இல்லையென்றால் தப்பு கம்ப்யூட்டர் மேல்தான்.

இராயனுடைய நாணயத்தை இராயனுக்கே கொடுங்கள் என்கிற வசனத்தை எடுத்து என் மேல் எறிந்துவிடாதே. போன ஞாயிறு போதகர் அதைத்தான் பிரசங்கித்தார். நாற்பது நிமிடம் அதைச் சுற்றிவந்தார், ஒரு தடவைகூடத் தொடவில்லை.

சரி, நல்ல செய்தி. கதவு இல்லையென்றாய், போதகர் ஜன்னல் கண்டுபிடித்துவிட்டார். மூப்பர் கூட்டத்தில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"தரைத்தளத்துல யாராவது ஜெபம் பண்றாங்களா, மா மூப்பரே?" என்றார் போதகர்.

"பரீட்சைக்குப் போற பசங்க பண்றாங்க" என்றேன்.

"அப்ப அது ஜெப அறைதானே?"

"காபியும் இருக்கே, ஐயா."

"ஜெபத்துக்கு நடுவுல தாகம் எடுக்காதா என்ன?"

எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டார்கள். ஆகஸ்டு 17, வியாழக்கிழமை காலை நகராட்சி அதிகாரி இடத்தைப் பார்க்க வருகிறார். அன்றைக்கு ஒரு நாள் அது ஜெப அறையாக இருக்கும். 'இந்தத் தளம் வழிபாட்டுக்கு மட்டும் பயன்படுகிறது' என்று ஒரு தாளில் சபைச் சொத்துப் பொறுப்பாளர் முத்திரை குத்திக் கொடுத்தால் நோட்டீஸ் ரத்து. சொத்துப் பொறுப்பாளர் யார்? சாட்சாத் உன் அப்பன் மா தோக்சு. முத்திரை எது? நீ வாங்கித் தந்ததுதான், வேறெது.

எல்லாம் சரியாகிவிடும். நீ கவலைப்படாதே.

அப்பா


தேஜோன், 6 ஆகஸ்டு 2023

அப்பா,

அம்மா இந்த முறை டப்பாவைச் சபை அறிவிப்புத் தாளில் சுற்றி அனுப்பியிருக்கிறாள். அதிலிருந்து அப்படியே எழுதுகிறேன்.

'அறிவிப்பு 5: வரும் 17ஆம் தேதி வியாழன் காலை 10 மணிக்கு நகராட்சி அதிகாரி வருகை. காபி மெஷின், கோப்பைகள், விலைப் பலகை ஆகியவற்றை மறைக்கும் பணிக்கு ஆண்கள் 8 மணிக்கே வரவும். மதியம் நூடுல்ஸ் உண்டு. காரியம் வாய்க்க அனைவரும் ஜெபிக்கவும். பொறுப்பு: மூப்பர் மா தோக்சு.'

இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை சிரிப்பு வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. காணிக்கை கொடுத்தவர் பெயர், நூடுல்ஸுக்கு வெங்காயம் தந்தவர் பெயர் என்று எல்லாவற்றையும் அச்சடிக்கிற பழக்கத்தில் இதையும் அச்சடித்துவிட்டீர்களா? முந்நூறு பிரதி! அதை முடிவெட்டும் கடை, பேருந்து நிலையம் என்று ஊரெல்லாம் வேறு வைக்கிறீர்கள்!

நான் யாரிடமும் சொல்லமாட்டேன். அது என் அலுவலகம் இல்லை, என் கோப்பும் இல்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும்.

உங்கள் ஊருக்கு வரப்போகிற அதிகாரி செய்யும் வேலையைத்தான் இங்கே நான் செய்கிறேன். போன வருடம் ஒரு சபையில் என்னை மெத்தையில் உட்காரவைத்துப் பத்து நிமிடம் ஜெபித்தார்கள், என் ஆரோக்கியத்துக்காக. மெத்தைக்கு அடியில் சர்க்கரைப் பொட்டலங்கள். நான் எழுந்தபோது ஒன்று பாவாடையில் ஒட்டிக்கொண்டு வந்தது. முத்திரை குத்திய மூப்பருக்கு உங்கள் வயது இருக்கும். என் முகத்தைப் பார்க்காமல் குத்தினார். பேருந்தில் வரும்போது, எங்கப்பா இப்படிச் செய்யமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சம்பளத்தில் எல்லோரும் பெற்றோருக்குச் சிவப்பு உள்ளாடை வாங்குவார்கள். அம்மாவுக்கு அதைத்தான் வாங்கினேன். உங்களுக்குக் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் பெயர் முத்திரை செதுக்கக் கொடுத்தேன். ஏன் தெரியுமா? சாங்மி வில்லா குடியிருப்பில் ஒருவர், வேலை முடியாமலே முடிந்ததாக ரசீது கேட்டு உங்களுக்கு அதிகப் பணம் தரவந்தார். அப்போது உங்களிடம் ரப்பர் முத்திரைதான் இருந்தது. "பாய்லர் ஓடினாதான் என் முத்திரை விழும்" என்றீர்கள். கல்லூரி முடித்து வேலைக்குப் போனதும் அதற்குத் தகுந்த முத்திரை வாங்கித் தரவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

அந்தத் தாளில் குத்துவதானால் குத்துங்கள். அதற்கு முன்பு வேறு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையதைக் கிம்ச்சி டப்பாவில் போட்டு எனக்கே அனுப்பிவிடுங்கள்.

சோதாம்


நம்கோக், 13 ஆகஸ்டு 2023

சோதாம்,

கொடுத்த பரிசைத் திருப்பிக் கேட்கிற பிள்ளையை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. முத்திரையை அனுப்பமாட்டேன்.

அறிவிப்புத் தாளைப் பற்றிப் பயப்படாதே. அதை யாரும் படிப்பதில்லை. சபையாரே படிப்பதில்லை. போன வருடம் ஒரு கல்யாணத் தேதியைத் தப்பாகப் போட்டேன், மாப்பிள்ளை வீட்டார் தவிர யாருக்கும் தெரியவில்லை.

ஏற்பாடெல்லாம் பக்கா. விலைப் பலகையைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் பாமாலை எண்கள் எழுதியாயிற்று. மெஷினை எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. தொண்ணூறு கிலோ, படியேற்ற முடியாது. பக்கத்திலேயே இடம் வேண்டும். நானே போய்ப் பியோம்மாவைக் கேட்டேன். சிரிக்காதே. போன குளிர்காலத்தில் அவள் கடைப் பாய்லரைக் காசு வாங்காமல் சரிசெய்துகொடுத்தேன். அந்தத் தைரியத்தில் கேட்டேன்.

"ஒரு நாளைக்குத்தான், பியோம்மா."

அவள் துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துல வைங்க, மூப்பரே. அங்க எடம் இருக்கு. முன்ன பொண்ணு நின்ன எடம்" என்றாள்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். ஃபிரிட்ஜ் கதவில் அவளுடைய வரி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தவணையாகக் கட்டுகிறாள் போலிருக்கிறது. இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

வெயில் அதிகம். தண்ணீர் குடி.

அப்பா


நம்கோக், 18 ஆகஸ்டு 2023

சோதாம் கண்ணு,

உன் பதில் வருவதற்குள் எழுதுகிறேன். அம்மா கிம்ச்சிகூடப் போடவில்லை, தபால்தலை ஒட்டி அனுப்பச் சொன்னாள். அவ்வளவு அவசரம் அவளுக்கு.

நேற்றுக் காலை எட்டு மணிக்கு மெஷினுக்குப் பாடகர் குழு அங்கியைப் போர்த்தி நாலு பேர் தள்ளிக்கொண்டு போனோம். யாரோ பிஷப்பை ஊர்வலமாகக் கொண்டுபோகிற மாதிரி இருந்தது. கல்லாப்பெட்டி, கோப்பை, சர்க்கரை எல்லாம் கூடவே போயிற்று. காபி வாசம் மட்டும் போகவில்லை. இரண்டு வருட வாசம், சுவரில் ஊறிப்போயிருக்கிறது. ஒருவர் கொசுவத்தி கொளுத்தினார். அப்புறம் காபி குடித்த கொசு செத்த மாதிரி ஒரு வாசம் வந்தது.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். குக் என்று பெயர், முப்பது வயதுகூட இருக்காது. சட்டையெல்லாம் வியர்வை. சுற்றிப் பார்த்தார். ஜெபத்துக்கென்று விரித்திருந்த மெத்தைகளைப் பார்த்தார். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார்.

"ஜெப அறையா, மூப்பரே?"

"இங்க நிறைய பேர் ஜெபம் பண்றாங்க" என்றேன். பொய் இல்லை பார். இந்த ஒரு வாக்கியத்தை மூன்று நாள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"சரி. இதுல முத்திரை போட்டுடுங்க, நான் கிளம்புறேன்" என்று தாளை நீட்டிவிட்டார். அவ்வளவு சுலபம்! போதகர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் பையிலிருந்து உன் முத்திரையை எடுத்தேன். சிவப்பு மை டப்பாவைத் தேடினேன்.

மை டப்பா இல்லை.

எங்கே இருக்கும்? பத்துக் காபி குடித்தால் ஒன்று இலவசம் என்று அட்டை கொடுக்கிறோமே, அதில் குத்துவதற்கு அதே மை டப்பாதான். அது எப்போதும் கல்லாப்பெட்டியில் இருக்கும். கல்லாப்பெட்டி பியோம்மா கடையில். உன் அப்பனின் திட்டம் இவ்வளவுதான், கண்ணு. கொதிகலனை மாட்டிவிட்டுக் குழாயை மறந்தவன் நான்.

"பக்கத்துக் கடைல வாங்கிட்டு வந்துடறேன்" என்றேன்.

"நானும் வர்றேன். நாக்கு வறண்டு போச்சு, ஏதாவது குடிக்கலாம்" என்று அந்தத் தம்பி எழுந்துவிட்டார். போதகரும் பின்னாலேயே ஓடிவந்தார்.

பியோம்மா அவருக்கு ஐஸ் காபி கொடுத்தாள். நாலாயிரம் வோன், ரசீது அடித்து இரண்டு கையாலும் நீட்டினாள். தம்பி உட்கார்ந்த இடத்துக்கு எதிரே ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் அங்கி போட்ட பிஷப். அங்கிக்குக் கீழே நீராவிக் குழாய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அது என்னங்க?"

நான் கையிலிருந்த முத்திரையைப் பார்த்தேன். போதகர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பியோம்மாதான் சொன்னாள்.

"என்னோட பழைய மெஷின். ரிப்பேர். மா மூப்பர் சரி பண்ணித் தர்றேன்னிருக்காரு."

சொல்லிவிட்டு மை டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, என் முன்னால் வைத்தாள். அப்போதுதான் ஃபிரிட்ஜ் கதவை நன்றாகப் பார்த்தேன். அவளுடைய வரி நோட்டீஸ், இரண்டாம் தவணை. விழாமல் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு காந்தம். என்ன காந்தம் தெரியுமா? போன கிறிஸ்துமசுக்கு ஊரெல்லாம் நாங்கள் கொடுத்தோமே, 'நம்கோக் வடக்குச் சபை உங்களை நேசிக்கிறது' என்று சிலுவை போட்ட காந்தம். வரியை அவள் கட்டுகிறாள். தாளைப் பிடிக்க எங்கள் காந்தம். எங்கள் மெஷினை மறைக்க அவள் கடை. எங்கள் பொய்யைச் சொல்ல அவள் வாய். நான் சொல்லவேண்டியதைச் சபைக்கே வராத ஒரு பொம்பளை எனக்காகச் சொல்லிவிட்டு, கோப்பையைத் துடைக்கப் போய்விட்டாள்.

சாங்மி வில்லாவைப் பற்றி எழுதியிருந்தாயே. அதில் ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பாய்லர். மூன்றாம் மாடிக்காரன், "நான் ராத்திரி வேலைக்குப் போறவன், வீட்டுல படுக்கிறதே இல்ல, எரிவாயுக் காசு தரமாட்டேன்" என்று நின்றான். நான் அவன் வீட்டுத் தரையில் கையை வைத்துக் காட்டினேன். "தரை சூடா இருக்கா இல்லையா? அப்ப குடு. உன் பங்கையும் கீழ் வீட்டுக் கிழவி கட்டணுமா?" என்று கத்தினேன். நான் நல்லவன் என்பதற்கு இருபது வருடமாக அந்தக் கதையைச் சொல்லிவருகிறேன். நேற்று அந்த மூன்றாம் மாடிக்காரன் நான்தான் என்று தெரிந்தது. அவனாவது எதன் மேலும் அங்கி போர்த்தவில்லை.

தம்பியின் பேனாவை வாங்கினேன். 'வழிபாட்டுக்கு மட்டும்' என்பதை அடித்தேன். மேலே 'காபிக் கடை' என்று எழுதினேன். எழுத்துக் கோணல்தான், படிக்கமுடியும். அடித்த இடத்தில் ஒரு முத்திரை, கடைசியில் ஒரு முத்திரை. அழுத்திக் குத்தினேன், தாள் கிழியாத அளவுக்கு.

"அந்த மெஷின் எங்களோடது, தம்பி. இவங்களுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல" என்றேன்.

போதகருக்கு இருமல் வந்தது. பியோம்மா, "ஐயோ மூப்பரே, நான் பொய் சொன்னது வீணாப் போச்சே!" என்றாள்.

அந்தத் தம்பி என்ன செய்தார் தெரியுமா? கையிலிருந்த ஃபைலைத் திறந்து, அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். நம் சபை அறிவிப்புத் தாள். ஐந்தாம் அறிவிப்பின் கீழே பென்சில் கோடு.

"முடி வெட்டப் போன எடத்துல கிடைச்சது. பத்து நாளா வச்சிருக்கேன். எங்கம்மாவும் சபைல கிடையா கிடக்கறவங்கதான். அப்பா வயசுக்காரர் முன்னால இதை எப்படி எடுக்கறதுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தேன். நல்லவேளை, நீங்களே சொல்லிட்டீங்க" என்றார்.

ஆக, ஊரில் அறிவிப்புத் தாளை முழுதாகப் படிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். சபையில் சேர்க்கலாமா என்று பார்க்கிறேன்.

சோதாம், உன்னோடு எல்லாவற்றிலும் ஒத்துக்கொண்டதாக நினைக்காதே. மேல்தளத்துக்கு வரி கேட்டால் நான் வாசலில் படுத்துவிடுவேன். நடுத்தள நூடுல்ஸுக்குக் கேட்டால் அந்த ஐம்பது பேரோடு உன் அலுவலகத்துக்கே வந்து உட்காருவேன். காபி மட்டும் காபிதான்.

அப்பா


தேஜோன், 26 ஆகஸ்டு 2023

அப்பா,

மதிய இடைவேளையில் படித்தேன். பிஷப்பை ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நிறுத்திய இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்புறம் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

இப்போது தொழில் முறையில் சில வரிகள். தரைத்தள வரியைத் தவணையில் கட்டலாம், விண்ணப்பம் இத்துடன். நடுத்தள நூடுல்ஸைப் பற்றி ஒன்று கவனித்தேன். அம்மா அனுப்பிய நோட்டீஸ் நகலில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கிடங்கையும் கடையோடு சேர்த்துவிட்டிருக்கிறார்கள். அது நூடுல்ஸ் மாவும் பானைகளும் வைக்கும் இடம்தானே? காபிக்கு அதில் சம்பந்தமில்லை. அளந்து, படம் எடுத்து, இந்த இரண்டாவது படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். அந்தப் பகுதியைக் கழித்துவிடுவார்கள். நியாயமாக வருகிற விலக்கை விட்டுவிடக்கூடாது. ஆமாம், இதை நான்தான் எழுதுகிறேன். வெள்ளத்தின் பதினோரு நாளை எந்தக் கட்டத்தில் போடுவது என்று எனக்கும் தெரியவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன். மேல்தளத்தைப் பற்றி என் கருத்து மாறவில்லை. முன்பு அதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன், இப்போது நடுவில் ஒரு இடத்தில் நிற்கிறது. அவ்வளவுதான்.

சபையில் உங்களை என்ன சொன்னார்கள்? மறைக்காமல் எழுதுங்கள்.

முத்திரையை அனுப்பவேண்டாம்.

சோதாம்


நம்கோக், 20 செப்டம்பர் 2023

சோதாம் கண்ணு,

பதில் தாமதத்துக்குக் காரணம், கிடங்கை அளந்ததில் நான் இரண்டு முறை தப்பாக அளந்துவிட்டேன். இரண்டு முறையும் சபைக்குச் சாதகமாக. மூன்றாம் முறை அம்மா டேப்பைப் பிடித்தாள். படிவம் போய்ச் சேர்ந்தது, முத்திரையோடு.

சபையில் என்ன சொன்னார்களா? சொத்துப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். "மா மூப்பர் ரொம்ப களைச்சுப்போயிருக்காரு, கொஞ்சம் ஓய்வு குடுப்போம்" என்று போதகர் அன்பாகச் சொன்னார். இரண்டு பேர் என்னைப் பார்த்தால் பாதை மாறி நடக்கிறார்கள். முதல் ஞாயிறு கொஞ்சம் வலித்தது. பொய் சொல்லமாட்டேன், இரண்டாம் ஞாயிறும் வலித்தது. இப்போது புதன்கிழமை நூடுல்ஸ் கொதிக்கவைக்கிற பொறுப்பு எனக்கு. அங்கே ஒரு பெரிய கொதிகலன் இருக்கிறது. அவர்கள் தண்டனை என்று நினைத்திருக்கிறார்கள், எனக்கென்னவோ வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறது.

கடையைப் பற்றி மூப்பர் கூட்டத்தில் மூன்று மணி நேரம் சண்டை. சிலர் மூடச் சொன்னார்கள். கடைசியில் போதகரே எழுந்து, "வரி கட்டுற கடைன்னா கடை மாதிரி நடத்துவோம்" என்றார். அவர் நீ நினைக்கிற அளவுக்கு மோசமானவர் இல்லை. காபி இப்போது மூவாயிரத்து ஐந்நூறு. விலையைப் பார்த்ததும் பாதிப் பேர் பியோம்மா கடைக்குப் போய்விட்டார்கள். அவள் காபி என்னுடையதைவிட நன்றாக இருக்கிறதாம், சேச்சே. ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் மறுபடி அந்தப் பெண் நிற்கிறாள், வாரத்தில் மூன்று நாள். காந்தத்தைத் திருப்பித் தருகிறாயா என்று பியோம்மாவைக் கேட்டேன். "எதுக்கு? நல்லா பிடிக்குது" என்றாள்.

ஒன்பது நாளில் அறுவடைத் திருநாள். அம்மா பைன் ஊசியிலை போட்டு அரிசிக் கொழுக்கட்டை அவிக்கப் போகிறாள். மதியச் சாப்பாட்டுக்குப் போதகரையும் கூப்பிட்டிருக்கிறேன். அவர் உன்னிடம் ஏதோ கேட்கவேண்டுமாம். மேல்தளத்தைப் பற்றி நீ சொன்னதற்கு ஒரு பதில் தயார் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன், உள்சட்டைப் பையில் குறிப்பு வைத்திருக்கிறார். எனக்கும் ஒரு பதில் இருக்கிறது, அவருடையதைவிட நல்லது.

அம்மா புதுச் சட்டம் போட்டுவிட்டாள். மேஜையில் வரியைப் பற்றி எவர் வாயைத் திறந்தாலும் அன்றைக்குப் பாத்திரம் முழுக்க அவர்தான் கழுவவேண்டும், போதகரானாலும் சரி.

சாப்பிடுவதற்கு முன்பே பேருந்து ஏறிவிடாமல் வந்து உட்கார். நேற்றுச் சந்தையில் பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை வாங்கிவிட்டேன். மூன்று ஜோடி.

அப்பா